லூப் பெடல் தகராறு: எந்தச் சுற்றில் பிசகுகிறது என்று கேளுங்கள்

வாசித்த ஒரு துண்டைப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடும், காலால் அழுத்தும் கருவிதான் லூப் பெடல் (லூப்பர்); அப்படி ஓடும் துண்டுதான் லூப். கிட்டாரையோ மைக்கையோ லூப் பெடலில் இணைத்து முதல் வாரம் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "நான் சரியாகத்தான் வாசித்தேன், திரும்ப ஓடும்போது என்னவோ மாதிரி இருக்கிறது." அந்த 'என்னவோ' எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை. பாஸ் ஆர்சி-1, டிசி எலக்ட்ரானிக் டிட்டோ போன்ற ஒற்றைப் பெடல் லூப்பர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஐந்து டிராக் உள்ள ஆர்சி-505 மாதிரியான மேசைக் கருவிகளில் மட்டும் வரும் தொல்லைகளை அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தக் குமிழையும் திருகுவதற்கு முன்னால் ஒரு சோதனை. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் கருவி) ஓடவிட்டு, மேலே வேறெதையும் சேர்க்காமல் ஒரே ஒரு அடுக்கைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் கையைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டுப் பத்துச் சுற்று சும்மா கேளுங்கள். முதல் சுற்றிலிருந்து பத்தாவது சுற்று வரை ஒரே இடத்தில், ஒரே அளவில் குறை கேட்டால், லூப்பின் முடிவும் தொடக்கமும் ஒட்டும் தையலில் கோளாறு. நீங்கள் எதையும் சேர்க்காமலே சுற்றுக்குச் சுற்று மெட்ரோனோமை விட்டு விலகிப் போனால், லூப்பின் நீளம் தவறு. ஒற்றை அடுக்கு சுத்தமாக இருந்து, அடுக்கு ஏற ஏறத்தான் கெடுகிறது என்றால் லெவல், இரைச்சல், நெருக்கடி, தாமதம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பெடலை மாற்றியவர்கள் நிறையப் பேர். புதுப் பெடலிலும் அதே குறை கூடவே வந்திருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்குகிறது

இல்லாத படியில் கால் வைத்தது போல ஒரு சின்ன வெற்றிடம் கேட்டால், முடிவில் தாமதமாக அழுத்தியிருக்கிறீர்கள். கடைசித் தட்டு முழுதாக விழாமல் அடுத்த சுற்று முந்திக்கொண்டு வந்தால், சீக்கிரம் அழுத்தியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கடைசி ஸ்வரத்தை வாசித்து முடித்த திருப்தியில் கால் இறங்குகிறது. கால் இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். எட்டு அட்சரத்தையும் (தாள எண்ணிக்கை) எண்ணிவிட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்தில், அதாவது முதல் தட்டில், கை தொடையில் விழும் அதே கணத்தில் கால் பெடலில் விழ வேண்டும். பதிவைத் தொடங்கும்போது அழுத்தியதும் சமத்தில், முடிக்கும்போது அழுத்துவதும் சமத்தில். இரண்டு அழுத்தலும் ஒரே அளவு தாமதமாக விழுந்தால்கூட நீளம் சரியாகவே இருக்கும். முதல் ஒலியின் முனை மட்டும் கொஞ்சம் வெட்டுப்படும். ஒன்று சரியாகவும் இன்னொன்று தாமதமாகவும் விழும்போதுதான் தடுக்கும்.

எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் இல்லாத பாட்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு என்றால் பலர் எடுப்பில் பெடலை அழுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் முடிவை எங்கே அழுத்துவது என்று காலுக்குத் தெரியாது. சமத்திலேயே அழுத்துங்கள், எடுப்பு வரை உள்ள மௌனமும் லூப்பில் பதியட்டும். சமத்துக்கு முன்பே தொடங்கும் பாட்டு என்றால், அந்த முன்துண்டை லூப்பின் கடைசியில் வாசியுங்கள். இரண்டாம் சுற்றிலிருந்து அது தானாகத் தன் இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்காலிலிருந்து தூக்கி மிதித்தால் ஒவ்வொரு முறையும் வேறு நேரத்தில்தான் விழும். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்பக்கத்தை மட்டும் அசைத்து அழுத்துங்கள். தாளம் தட்டும் காலாலேயே அழுத்தினால் இன்னும் நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் பழகிப் பாருங்கள், வித்தியாசம் காதில் கேட்கும்.

தடுக்கவில்லை, ஆனால் தையலில் 'டக்' என்று ஒரு சத்தம்

நேரம் சரி, ஒலி அறுபடுகிறது. நீளும் ஸ்வரத்தின் நடுவில் லூப் முடிந்தால், ஒலி அலை ஒரு உயரத்தில் அறுந்து, வேறு உயரத்தில் தொடங்குகிறது. அந்தத் திடீர்க் குதிப்புத்தான் 'டக்'. தம்பூரா சுருதி, கீபோர்டில் நீட்டிப் பிடித்த சுரம், எதிரொலி வால் ஆகியவற்றில் இது பளிச்சென்று கேட்கும். மிருதங்கச் சொல்லில் கேட்காது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, பதிவுக்கு ஒரு சுற்று முன்பே வாசிக்கத் தொடங்குவது. முதல் ஆவர்த்தனத்தைப் பெடலைத் தொடாமல் வாசியுங்கள். இரண்டாவதின் சமத்தில் அழுத்துங்கள். முந்தைய சுற்றின் கார்வை (நீளும் ஒலி) லூப்பின் தொடக்கத்தில் பதிந்துவிடுவதால், முடிவு அறுபடும் இடத்தில் அதே கார்வை தொடர்ந்து வரும். இன்னொரு வழியும் உண்டு. பதிவை முடிக்கும் அழுத்தலில் நேராக ஓவர்டப்புக்குப் (ஓடும் லூப்பின் மேல் இன்னொரு அடுக்கைப் பதிவது) போகும்படி கருவியை வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, வால் தேயும் வரை ஒலிக்க விட்டு, அதன் பின் ஓவர்டப்பை நிறுத்துவது. ஆர்சி-505, ஆர்சி-5 போன்றவற்றில் பதிவுக்குப் பின் ஓவர்டப்பா, பிளேயா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று நிமிடத்தில் தாளம் எங்கேயோ போய்விட்டது

இது எனக்கே நடந்தது. நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்னக் கச்சேரி. ஒரு பக்கம் மின்னணுத் தாளக் கருவி, இன்னொரு பக்கம் என் லூப்பர், இரண்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. முதல் நிமிடம் அருமையாகப் போனது. மூன்றாவது நிமிடத்தில் பாடிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லூப்பை நிறுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் ஒரு அட்சரம் 0.75 விநாடி. ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் 12 விநாடி. முடிவை 50 மில்லி விநாடி தாமதமாக அழுத்தினால் அந்தச் சுற்றில் யாருக்கும் தெரியாது. ஆனால் தாளக் கருவி 12 விநாடியில் சுற்றி வருகிறது, லூப் 12.05 விநாடியில் வருகிறது. மூன்று நிமிடத்தில் 15 சுற்று. 15 முறை 50 மில்லி விநாடி என்றால் 750 மில்லி விநாடி. சரியாக ஒரு அட்சரம் பின்தங்கிவிட்டது.

கால் எவ்வளவு பழகினாலும் சில மில்லி விநாடிப் பிசகு இருக்கத்தான் செய்யும். ஆகவே இணைப்பில்லாத இரண்டு கடிகாரங்களை ஒன்றாக ஓடவிடாதீர்கள். தாளக் கருவியின் ஒலியையே லூப்பருக்குள் விட்டு முதல் அடுக்காகப் பதிவு செய்துகொண்டு, கருவியை நிறுத்திவிடுவது எளிய வழி. லூப்பரின் உள்ளேயே ரிதம் இருந்தால் அதைப் பயன்படுத்தி, குவாண்டைஸ் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். முடிவு தானாக மாத்திரை எல்லைக்கு நகரும். இரண்டிலும் மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் இணைப்பு) இருந்தால் கேபிள் போட்டு, ஒன்றின் கிளாக்கை இன்னொன்று பின்பற்றும்படி செய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

குவாண்டைஸ் போட்டபின் "அழுத்தினேன், பதிவு நிற்கவே இல்லை" என்று ஒரு புதுக் குறை வரும். அது கோளாறு இல்லை. கருவி அடுத்த எல்லை வரும்வரை காத்திருக்கிறது. பயந்து இரண்டாம் முறை அழுத்தினால்தான் கெடும்.

மிஸ்ர சாபு வாசித்தால் ரிதம் பைத்தியம் பிடித்தது போல் ஓடுகிறது

உள்ளேயே ரிதம் உள்ள ஆர்சி வரிசைக் கருவிகள் முதல் பதிவின் நீளத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது நான்கின் மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஏழு எண்ணி வாசித்த நீளத்தை எட்டாகவோ நான்காகவோ வகுத்தால் வருகிற வேகத்துக்கும் உங்கள் நடைக்கும் சம்பந்தமே இருக்காது. பதிவுக்கு முன்னாலேயே மாத்திரை எண்ணிக்கையை ஏழு என்று வைத்துவிடுங்கள். அந்தத் தெரிவு இல்லாத கருவி என்றால் உள் ரிதத்தை அணைத்துவிட்டு, கையாலேயே ஒரு தட்டு அடுக்கு போட்டுக்கொள்ளுங்கள். டிட்டோ போல ரிதமே இல்லாத பெடல்களில் இந்தத் தொல்லை கிடையாது. கண்ட சாபு, மிஸ்ர சாபு பயிற்சிக்கு அவைதான் நிம்மதி என்பது என் எண்ணம்.

பல டிராக் கருவியில் ஒன்றில் ஏழும் இன்னொன்றில் எட்டும் ஓடவிட்டால் 56 அட்சரத்துக்கு ஒருமுறைதான் இரண்டு சமமும் சேரும். வேண்டுமென்றே செய்தால் அழகு. வேண்டாமல் நடந்தால் லூப் சிங்க் (டிராக்குகளை ஒத்தோட வைக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது அடுக்கில் ஒலி கரகரக்கிறது

முதலில் எங்கே கரகரக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். லூப் ஓடும்போது பெடலின் லெவல் குமிழைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு மறைந்தால் பதிவு சுத்தமாக இருக்கிறது. ஆம்ப்போ ஸ்பீக்கரோதான் திணறுகிறது. ஒலி சின்னதாகியும் கரகரப்பு அப்படியே இருந்தால், பதிவிலேயே உடைந்துவிட்டது. உடைந்த பதிவை எந்தக் குமிழும் சரிசெய்யாது. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான்.

அடுக்குகள் கூடும்போது ஒலி எவ்வளவு ஏறும்? ஒரே அளவுள்ள, வெவ்வேறு விதமான இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சராசரியாக 3 டெசிபெல் ஏறும். நான்கானால் 6, எட்டானால் 9. ஒரே ஒலி ஒரே நேரத்தில் அச்சாகச் சேர்ந்தால் இரண்டுக்கே 6 டெசிபெல். ஆகவே முதல் அடுக்கை முழுச் சத்தத்தில் வாசித்துவிட்டு மேலே ஐந்து அடுக்கு வைக்க இடம் தேடக்கூடாது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி முதல் அடுக்கை வாசியுங்கள். கேட்பவருக்குச் சின்னதாக இருந்தால் ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆம்ப் ஓவர்டிரைவில் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் நிலையில்) இருந்து, லூப்பர் அதற்கு முன்னால் இருந்தால் வேறு விதமாகக் கெடும். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும் இரண்டு அடுக்குகள், ஒரே டிஸ்டார்ஷன் வழியாகச் சேர்ந்து போகும்போது குழம்பிக் கூழாகிவிடும். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் ஏற்கெனவே பதிவான லூப்பின் ஒலியும் மாறுகிறதா? அப்படியானால் லூப்பர் அதற்கு முன்னால் இருக்கிறது. எல்லாப் பெடலுக்கும் கடைசியில் லூப்பரை வையுங்கள். டிஸ்டார்ஷன் ஆம்ப்பிலேயே வருகிறது என்றால், ஆம்ப்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு ஜாக் இருக்கிறதா பாருங்கள். லூப்பர் அங்கே போக வேண்டும்.

கரகரப்பு இல்லை, ஆனால் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை

கருவியைக் குறை சொல்ல முடியாத குறை இது. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிட்டாரில் திறந்த கார்டு நான்கு முறை அடுக்கினால், நான்கும் ஒரே வட்டாரத்தில் உட்காரும். குரலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் ஒரே நாற்காலியில் உட்காரப் பார்ப்பது போல. முதல் அடுக்கைத் தடித்த தந்திகளில், ஒற்றை ஸ்வரங்களாக வையுங்கள். இரண்டாவதைக் கேபோ (கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு மேல் ஸ்தாயியில் வாசியுங்கள். மூன்றாவது ஒலி ஸ்வரமாகவே இருக்க வேண்டியதில்லை. தந்திகளை அடக்கிப் பிடித்துத் தட்டினால் போதும். குரல் வைக்க நடுவில் இடம் தானாகக் கிடைக்கும்.

இடம் என்பது சுருதியில் மட்டும் இல்லை, காலத்திலும் உண்டு. எட்டு அட்சரத்தையும் நிரப்பும் அடுக்கு ஒன்றே ஒன்று போதும். மற்றவை இரண்டு அட்சரம் வாசித்து ஆறு அட்சரம் சும்மா இருக்கட்டும். இரண்டாம் அடுக்கு பேசும் இடத்தில் மூன்றாவது மௌனமாக இருந்தால், எட்டு அடுக்கு வைத்தாலும் தெளிவு போகாது.

கமகத்தோடு பாடிய வரியின் மேல் அதே வரியை மறுபடி பாடி அடுக்கினால் அசைவுகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். கூட்டுக்குரல் வேண்டும் என்றால் அடுக்குகளில் நின்ற ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, கமகத்தை நேரடியாகப் பாடும் குரலுக்கு விட்டுவிடுங்கள்.

அடுக்கு ஏற ஏற ஒரு இரைச்சல் வளர்கிறது

ஓவர்டப்பைப் போட்டு, எதுவும் வாசிக்காமல் இரண்டு சுற்று விடுங்கள். நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று தாழ்ந்த ஒலி கூடியிருந்தால் அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 50, 100 ஹெர்ட்ஸில் முனகும். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாக எல்லாப் பெடலுக்கும் மின்சாரம் எடுத்தால் இது அடிக்கடி வரும். லூப்பருக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். மடிக்கணினி இணைந்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நேரடியாக வாசிக்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஹம், ஆறு அடுக்கில் ஆறு முறை பதிந்து பெரிதாகிவிடும்.

மைக் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சோதனையில் வேறொன்று கேட்கும். ஏற்கெனவே உள்ள லூப், குழாய்க்குள்ளிருந்து வருவது போல் இரட்டிப்பாக ஒலிக்கும். ஸ்பீக்கரில் வரும் லூப்பை மைக் மறுபடி பிடித்து, ஓவர்டப் அதை மறுபடி எழுதுகிறது. மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால் அந்த ஒலி சுமார் 9 மில்லி விநாடி தாமதமாக வரும், அதனால்தான் குழாய்த்தன்மை. பயிற்சியில் ஹெட்போன் போடுங்கள். மேடையில் ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள். பாடி முடித்த உடனே ஓவர்டப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

புது அடுக்கு எப்போதும் கொஞ்சம் பின்னால் இழுக்கிறது

பெடலில் இது அநேகமாக வராது. கணினியிலோ போனிலோ லூப் செய்பவர்களின் குறை இது. முதல் சந்தேகம் புளூடூத் ஹெட்போன் மேல் போகட்டும். லூப் உங்கள் காதுக்கே தாமதமாக வருகிறது, நீங்கள் அதற்குச் சரியாக வாசிக்கிறீர்கள், அது தாமதமாகப் பதிகிறது. அடுத்த அடுக்கை இதைக் கேட்டு வாசித்தால் இன்னும் பின்தங்கும். கம்பி உள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள். அப்புறம் ஆடியோ மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது ஒலியை எவ்வளவு சேர்த்து வைத்து ஒரே தடவையில் கையாளுகிறது என்பதைப் பாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 11.6 மில்லி விநாடி. 128-க்கு இறக்கினால் 2.9 ஆகும். கணினி திணறிச் சத்தம் விட்டு விட்டு வந்தால் 256-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு தப்பை அழிக்கப் போனால் நான்கு அடுக்கும் போய்விட்டது

அன்டூ என்பது கடைசி ஓவர்டப்பை நீக்கும். ஓவர்டப்பை நிறுத்தாமலே நான்கு சுற்று, நான்கு விஷயம் வாசித்திருந்தால் பல கருவிகளுக்கு அது ஒரே ஓவர்டப்தான். ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் ஒருமுறை பிளேக்கு வந்துவிட்டுப் போங்கள். தவறி நீக்கிவிட்டால் பதறாதீர்கள்; ஆர்சி-1, டிட்டோ இரண்டிலும் பெடலை மறுபடி அழுத்திப் பிடித்தால் நீக்கியது திரும்ப வரும். ஆனால் லூப் நின்றிருக்கும்போது அழுத்திப் பிடித்தால் மொத்தமும் அழிந்துவிடும். இரண்டும் ஒரே அசைவு என்பதால் இதில் ஏமாறாதவர் குறைவு.

நிறுத்தினால் நினைத்த இடத்தில் நிற்கவில்லை

ஒற்றைப் பெடலில் நிறுத்த இருமுறை தட்ட வேண்டும். இரண்டாவது தட்டில்தான் நிற்கும். ஆகவே அது சமத்தில் விழும்படி, முதல் தட்டைச் சற்று முன்னாலேயே போடுங்கள். அந்த இடைவெளியில் கை தந்திகளை அடக்கியிருக்கட்டும். இது ஒத்து வராவிட்டால் நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு வெளி ஸ்விட்ச் வாங்கலாம். வாங்கும்போது அழுத்தினால் மட்டும் இயங்கும் வகையைக் கேளுங்கள்: பாஸ் எஃப்எஸ்-5யு அந்த வகை, எஃப்எஸ்-5எல் மாறி மாறி நிற்கும் வகை. இரண்டு முறை மிதித்தால்தான் ஒருமுறை வேலை செய்கிறது என்பவர்களின் கையில் பெரும்பாலும் எல் இருக்கும். இரட்டை ஸ்விட்ச் உள்ள எஃப்எஸ்-6-இல் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால், மோனோ கேபிளை எடுத்துவிட்டு ஸ்டீரியோ கேபிள் போடுங்கள்.

பெடலில் விளக்கே எரியவில்லை

பாஸ் சிறு பெடல்களில் இன்புட் ஜாக்கில் பிளக் செருகினால்தான் மின்சாரம் ஓடும். அவுட்புட்டை மட்டும் செருகிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு இன்புட் உள்ள பெடலில் மோனோ என்று எழுதியிருக்கும் பக்கத்தில் செருக வேண்டும். அதே காரணத்தால், வாசித்து முடித்துப் பிளக்கை அப்படியே விட்டால் இரவோடு இரவாக 9 வோல்ட் பேட்டரி காலியாகிவிடும்.

நேற்றுப் பதிவு செய்த லூப்பைக் காணோம்

ஆர்சி-5, ஆர்சி-505 இரண்டிலும் 99 நினைவிடங்கள் உண்டு. ஆனால் பதிவு செய்ததும் தானாக அங்கே போய் உட்காராது. சேமிக்கும் கட்டளையை நீங்கள் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வேறு எண்ணுக்கு மாறினாலோ மின்சாரத்தை அணைத்தாலோ போனது போனதுதான். சேமிக்கும் வேலை நடப்பதாகத் திரை காட்டும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடாதீர்கள். நான் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு ஒரு பிரதி எடுத்து, தேதியும் தாளமும் போட்டுப் பெயர் வைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மிஸ்ர சாபு லூப் போன வாரம்தான் ஒரு புதுப் பாட்டுக்கு உதவியது.